எழுநூத்தி அறுபத்தெட்டு

பை மடியிலயே இருக்கட்டுங்க அம்மிணி. மேல வெச்சா கண்ணு அங்கயே இருக்கும், பேச்சு ஓடாது. நகையெல்லாம் இல்லீங்க. நகை ஏது எனக்கு, கழுத்துல கெடக்கறது கவரிங்கு. உள்ள ரெண்டு கார்டு இருக்குதுங்க. கிரெடிட் கார்டு. எம்பேர்ல வந்தது. ஒருத்தர் சிபாரிசும் இல்லாம, நானே கேட்டு, நானே வாங்கினது.

நீங்க எதுவரைக்கும்? கரூரா? நான் வெள்ளகோவில்ல எறங்கிக்குவேன். தம்பி ஊடு அங்கதான். பல்லடத்துல பஸ்ஸ டீக்கு நிறுத்திப்போட்டான்னா மூணு மணி நேரம் ஆயிரும். நிறுத்தட்டும், நமக்கென்ன. பேச்சுத்தொணைக்கு ஆள் இருந்தாப் போறதே தெரியாது.

கார்டு என்ன பெரிய விசயம், ரோட்டுல கூப்புட்டுக் கூப்புட்டுக் குடுக்கறானேன்னு நெனைப்பீங்க. உங்களுக்குக் குடுப்பான். எனக்கு ஒருத்தன் குடுக்கமாட்டான், பத்து வருசமா. எம்பேரச் சொன்னாலே கம்ப்யூட்டர் செவந்துரும்னு வெச்சுக்கங்களேன். செவந்துதான் கெடந்துது. எடுத்து நிமித்திப் போட்டேன். கடன ஒழுங்காக் கட்டறமான்னு பேங்குக்காரங்க பாக்கற மார்க்கு, சிபில் ஸ்கோரு, இப்ப எனக்கு எவ்வளவு தெரியுங்களா? எழுநூத்தி அறுபத்தெட்டு. எங்க கம்பெனி சூப்பர்வைசருக்கே எழுநூத்தி முப்பதுதான்.

பீளமேட்டுல மோட்டார் கம்பெனிங்க. வைண்டிங் செக்சன். மோட்டாருக்குள்ள செம்புக் கம்பி சுத்தியிருக்குமில்லீங்க, அதைக் கையில எறக்கறது எங்க வேலை. பத்தொம்பது வருசமாச்சு. இந்த வெரலப் பாருங்க. ரேகையெல்லாம் தேஞ்சு போச்சு. ரேசன் கடையில வெச்சா மிசின் எடுக்கறதில்ல. "உங்களுக்கு வெரலே இல்லியாக்கா"ம்பான் அந்தக் கடைக்காரன்.

அந்தக் கம்பெனி கேட்டுலதான் மொதல்ல கார்டு வந்துது. பன்னெண்டு வருசம் முன்ன. ரெண்டு பேர் ஒரு கொடைய நட்டு மேசை போட்டு உக்காந்திருந்தாங்க. சம்பளச் சிலிப்பு ஒண்ணு, போட்டோ ரெண்டு, கையெழுத்து. அவ்வளவுதான், பத்து நாள்ல ஊட்டுக்கு வந்துருச்சு. நான் எங்க அதை வெச்சுப் பொழங்கறது? பீரோவுல புடவைக்கு அடியில வெச்சிருந்தேன். கிருபாதான் பாத்துட்டு, "அக்கா, இது சும்மா கெடக்கறதுக்காக் குடுத்தான்?"ன்னான்.

கிருபாகரன்தாங்க தம்பி. ஒரே தம்பி. எங்கம்மா போறப்ப எனக்குப் பதினாலு, அவனுக்கு ஆறு. நான் கல்யாணமாகிப் போனப்ப அவனையும் கூடவே கூட்டிட்டுப் போனேன். எங்கூட்டுக்காரர் ஒண்ணும் சொல்லல. அவிய மில்லு வேன் ஓட்டினாங்க. கிருபாவ பாலிடெக்னிக் சேத்ததும் அவியதான். அதையெல்லாம் நான் மறக்கல.

அப்ப அவன் சுந்தராபுரத்துல செல்போன் கடை வெச்சிருந்தான். கல்யாணம் ஆன புதுசு. சரக்கு எடுக்கக் காசு வேணும். தெரிஞ்சவங்க கடையில மிசின் இருக்குது, கார்டத் தேய்ச்சாக் காசாவே குடுத்துருவாங்க, நூத்துக்கு ரெண்டு ரூவா புடிச்சுக்குவாங்கன்னான். குடுத்தேன். ஒழுங்காக் கட்டினானுங்க, நாலு மாசம். பொறவு இன்னொரு கார்டு வாங்கச் சொன்னான். பொறவு மூணாவது. ஒண்ணுல எடுத்து இன்னொண்ணுக்குக் கட்டறது. ஆறு ஏழு மாசம் அப்படி ஓடுச்சு. எல்லாரும் அப்படித்தானுங்க பண்றாங்க. அவனுக்கு நேரம் சரியில்ல. எதுத்தாப்புல பெரிய கடை வந்துருச்சு, இவன் சட்டர எறக்கிட்டான்.

அப்பறம் பேங்குல இருந்து போன் வர ஆரம்பிச்சுது. மொதல்ல ஒரு புள்ள பேசும். "மேடம், மேடம்"னு தன்மையாப் பேசும். பொறவு ஆம்பளைங்க பேசுவாங்க. அந்தப் பேச்சை உங்ககிட்டச் சொல்லக்கூடாதுங்க. ஒருநாள் சாப்பாட்டு நேரத்துல கம்பெனி கேட்டுக்கே வந்துட்டாங்க. "சாரதாமணி யாரு? வரச்சொல்லு"ன்னு சத்தம். இருநூறு பொம்பளைங்க தூக்குப்போசியத் தொறந்து வெச்சுட்டுப் பாக்கறாங்க. நான் பாத்ரூம்ல போயி உக்காந்துட்டேன். ஒன்றரை மணி நேரம். சூப்பர்வைசர் வந்து கதவத் தட்டித்தான் வெளிய வந்தேன்.

அடுத்த நாள் ஊட்டுக்கு வந்தாங்க. எங்கூட்டுக்காரரும் அப்ப ஊட்டுல இருந்தாங்க. வட்டியோட மூணு லட்சத்து நாப்பதாயிரம்னு அவுங்க வாசல்ல நின்னு சொல்லித்தான் எங்கூட்டுக்காரருக்கே தெரியும்.

சத்தம் போடலீங்க அவிய. சத்தம் போடற ஆளில்ல. அன்னிக்குச் சாயந்தரம் உக்காரவெச்சுச் சொன்னாங்க. "உடுமலையில எங்கப்பா பாகத்துல எனக்கு ரெண்டரை சென்ட் வருது. அதை வித்து நான் கட்டறேன். ஒண்ணே ஒண்ணு. கிருபாவக் கூட்டிட்டு வா. நான்தான் எடுத்தேன்னு அவன் வாயில சொல்லட்டும். எனக்குப் பணம் வேண்டாம், அந்த ஒரு வார்த்தை போதும்"ன்னாங்க.

நீங்களே சொல்லுங்க. தம்பிய குத்தவாளியாட்டக் கொண்டாந்து நிறுத்துவாங்களா? அவன் அப்ப எங்கயோ அலைஞ்சுட்டிருக்கான், போன் எடுக்கறதில்ல. அவன் மனசு என்ன பாடுபட்டுதோ. நான் சொன்னேன், "அவன் எடுக்கல. நான்தான் எடுத்தேன்"னு.

"என்னத்துக்கு எடுத்தே?"

"செலவாயிருச்சு."

அவிய என்னையே பாத்துட்டிருந்தாங்க. "மூணு லட்சம் செலவு பண்ணின பொம்பள காலுல போட ஒரு நல்ல செருப்பு இல்லியே சாரதா"ன்னாங்க. "பொய் சொல்றதுக்குக்கூட உனக்கு அவந்தான் வேணும்"னாங்க. எந்திரிச்சு வேட்டி சட்டைய எடுத்து ஒரு கட்டைப்பையில போட்டாங்க. உடுமலைக்குப் போயிட்டாங்க. திரும்பி வரவே இல்ல. தாரணிக்கு மாசாமாசம் ஸ்கூலுக்குப் பணம் அனுப்புவாங்க. என்னோட பேசமாட்டாங்க. ஒரு சொல்லுக்காகக் குடும்பத்த விடறதா? ஆம்பளைங்களுக்கு ரோசம் இருக்கற அளவுக்குப் பொறுமை இருக்கறதில்லீங்க.

தாரணி எம்புள்ளைங்க. ஒரே புள்ள.

சூலூர் வந்துருச்சு பாருங்க. சித்த தள்ளி உக்காருங்க, வெயில் அடிக்குது உங்கமேல.

எங்க விட்டேன்? ஆங். இருந்த ஒரு செயினக் குடுத்து ஒரு பேங்குல பாதிக்குப் பாதி பேசி முடிச்சேன். மத்த ரெண்டும் கொஞ்ச நாள் கத்திட்டு, சத்தத்தக் காணோம். விசாரிச்சா எழுதித் தள்ளியாச்சுன்னாங்க. தள்ளியாச்சுன்னா விட்டாச்சுன்னுதானுங்க நமக்கு அர்த்தம்? மருதமலைக்குப் போயி தேங்கா ஒடச்சுட்டு வந்தேன். மூணு வருசம் நிம்மதியா இருந்தேன்.

தாரணி ப்ளஸ் டூவுல ஆயிரத்து அறுபத்திரெண்டு எடுத்தா. ஆயிரத்து இருநூறுக்கு. நர்சிங் படிக்கணும்னா. சின்னதுலருந்தே அதான் சொல்லுவா, நான் வெரல அறுத்துட்டு வந்தாக் கட்டுப் போடறது அவதான். காலேஜுல எடம் கெடைச்சுது. லோனுக்குப் போனோம். அந்த மேனேஜர் நல்ல மனுசந்தான், மார்க்கப் பாத்துட்டு "அடேங்கப்பா"ன்னார். பேப்பரெல்லாம் வாங்கிக்கிட்டார். நாலு நாள் கழிச்சு வரச்சொன்னார். போனா, கம்ப்யூட்டர அப்படியே எங்க பக்கம் திருப்பினாருங்க. "ஐநூத்தி முப்பத்தெட்டு. இதை வெச்சு நான் மேல அனுப்பவே முடியாதும்மா. ரெண்டு கார்டு கட்டாம நிக்குது. வேற யாராவது கூடக் கையெழுத்துப் போடுவாங்களா?"

அவிய போட்டிருப்பாங்க. கேட்டிருந்தாப் போட்டிருப்பாங்க. அவியகிட்டப் போயி நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கேக்கறது? கேக்கலீங்க.

தாரணி அந்த நம்பரையே பாத்துட்டிருந்தா. அழுகல. பஸ்ல வர்றப்ப, "அம்மா, அது மாமா எடுத்ததுதானே?"ன்னு கேட்டா. "சின்னப்புள்ள நீ, பெரியவங்க விசயத்துல வராதே"ன்னேன். அதுக்கப்புறம் அந்தப் பேச்சை அவ எடுக்கவே இல்ல. அடுத்த திங்கக்கெழமை பக்கத்தூட்டுப் புள்ளையோட திருப்பூர் போயி பனியன் கம்பெனியில செக்கிங்குல சேந்துட்டா. பீஸு கெட்டதா நல்லதான்னு பாத்து ஒதுக்கற வேலை. அங்கயே ஹாஸ்டல்.

எனக்கு அன்னிலருந்து தூக்கமில்லீங்க. அந்த நம்பர் கண்ணுக்குள்ளயே நிக்குது. நான் யார்கிட்டயும் திருடல, ஏமாத்தல, பத்து மணி நேரம் நின்னு வேலை செய்யறவ. எனக்கு ஐநூத்தி முப்பத்தெட்டா?

எங்க ஆபீஸ்ல கணக்குப் பாக்கற ரெஜினா மேடம்னு ஒருத்தங்க. அவுங்கதான் வழி சொன்னாங்க. "எழுதித் தள்ளினது முடிஞ்சதில்ல சாரதா. நீயே தேடிப்போயி, பேசி, முழுசாக் கட்டி, பாக்கி இல்லைன்னு லெட்டர் வாங்கணும். அப்பறம் பேங்குல கொஞ்சம் டெபாசிட் போட்டு, அதுமேல ஒரு சின்னக் கார்டு வாங்கு. இருவதாயிரம் லிமிட்னா ஆறாயிரத்துக்கு மேல தேய்க்காதே. தேதிக்கு முன்னயே கட்டு. ஒரே ஒரு மாசம் தவறினாலும் போச்சு. நாலஞ்சு வருசம் ஆகும். இருப்பியா?"ன்னாங்க. "இருப்பேன்"னேன்.

கட்டறதுக்குப் பணம் வேணுமே. பி.எஃப்.ல பாதி எடுத்தேன். மீதிக்கு தாரணிகிட்டதான் போனேன். ரெண்டு வருசத்துல எழுவதாயிரம் சேத்து வெச்சிருந்தா அந்தப் புள்ள. நர்சிங் இல்லைன்னாலும் ஏதாவது டிப்ளமோ சேரலாம்னு. ஹாஸ்டல் சோத்தத் தவிர ஒண்ணு வாங்கித் தின்னமாட்டா. நான் போயி எடுத்துச் சொன்னேன். "இதைக் கட்டினா ஸ்கோர் ஏறும். ஸ்கோர் ஏறினா உனக்கு லோனே எடுத்துத் தரேன். எழுவதாயிரத்துல என்ன படிப்ப? அம்மா உனக்கு முழுசாப் படிக்க வழி பண்றேன்"னேன். ஒரு வார்த்தை கேக்கலீங்க. ஏ.டி.எம்.ல எடுத்து ஒரு துணிக்கடைக் கவர்ல போட்டுக் குடுத்தா. "எண்ணிப் பாத்துக்கம்மா"ன்னா.

அப்படி ஆரம்பிச்சதுதான். மாசம் அந்தக் கார்டுல மளிகை வாங்கறது, அடுத்த வாரமே கட்டறது. வேற ஒண்ணும் வாங்கமாட்டேன். ஊட்டுல மிக்சி போச்சு, ஆட்டுக்கல்லுல ஆட்டினேன். மாசம் ஒருக்கா போன்ல நம்பரப் பாப்பேன். பாக்கறதுக்கு முன்ன கையக் கழுவிக்குவேன். சிரிக்காதீங்க, நெசமாத்தான். அறுநூத்திப் பன்னெண்டு. அறுநூத்தி எம்பத்தெட்டு. எழுநூறத் தாண்டின அன்னிக்கு செக்சன்ல எல்லாருக்கும் மைசூர்பாக்கு வாங்கிக் குடுத்தேன். என்ன விசேசம்னு கேட்டாங்க. சும்மான்னேன்.

ரெண்டு வருசம் முன்ன எங்கூட்டுக்காரர் தவறிட்டாங்க. மாரடைப்பு. வேன்லயே போயிட்டாங்க. உடுமலைக்கு ஓடினேன். அவிய சொந்தக்காரங்க பொம்பளைங்க யாரும் எனக்கு எடம் விடல, ஓரமா நின்னேன். அன்னிக்குத் தேதி பதினெட்டு. எனக்குக் கார்டு கட்டக் கடைசி நாள் பதினெட்டு. சாமியானாவுக்குப் பின்னால போயி போன எடுத்தேன். சிக்னல் இல்ல. தென்னந்தோப்புக்குள்ள கொஞ்ச தூரம் நடந்து போயி கட்டினேன். பச்சை டிக் வந்துது. அது வந்ததுக்கப்புறந்தான் எனக்கு அழுகையே வந்துது. திரும்பினா தாரணி பின்னால நின்னுட்டிருக்கா. "அப்பாவத் தூக்கப்போறாங்க, உன்னத் தேடறாங்க"ன்னா.

தப்புங்களா அது? அன்னிக்கு விட்டிருந்தா மூணு வருசப் பாடு போயிருக்குமில்ல? போனவங்க போயிட்டாங்க.

கிருபா அன்னிக்கு வரல. மூணாம் நாள் வந்தான். அவனுக்கு ஒடம்பு சரியில்லியாம்.

இதோ பல்லடம். டீ குடிக்கறீங்களா? வேண்டாமா? நானும் எறங்கறதில்ல. பையத் தூக்கிட்டு எறங்கி ஏறோணும்.

போன ஆடியில கிருபா ஊட்டுக்கு வந்தானுங்க. தானா வந்தான். நாலு வருசமிருக்கும் அவன் எம்பட ஊட்டு வாசப்படி மிதிச்சு. வெள்ளகோவில்ல எண்ணெய் மில்லுல சூப்பர்வைசரா இருந்தான், அதும் நின்னுபோச்சு. எளச்சுப் போயிருந்தான். சோறு போட்டேன். சாப்புட்டுக் கையக் கழுவிட்டு வந்து உக்காந்தான். "அக்கா, இப்ப உன் சிபில் எவ்வளவு?"ன்னான். யாரும் அப்படிக் கேட்டதில்லீங்க எங்கிட்ட. தாரணி கேட்டதில்ல. எனக்கு அப்படியே நெஞ்சு நெறஞ்சு போச்சு. "எழுநூத்தி அறுபத்தொம்பதுடா"ன்னேன்.

"எனக்கு நானூத்திச் சொச்சம்க்கா. எவனும் பக்கத்துல சேக்கமாட்டேங்கறான்"னு சொல்லிட்டு அழுதான். பஸ் ஸ்டேண்டுக்குப் பக்கத்துல ஒரு கடை வருதாம், செல்போன் சர்வீஸ் போடலாமாம். ரெண்டு லட்சம் இருந்தா எந்திரிச்சுக்குவேன்னான். நாப்பது வயசு ஆம்பள, உங்க முன்னால அழுதா நீங்க என்ன பண்ணுவீங்க?

அன்னிக்கே ஒரு பேங்குல கார்டுக்குப் போட்டேன். போன்லயே போடலாமில்ல இப்ப. பேரு, சம்பளம், பான் கார்டு எல்லாம் போட்டு அமுத்தினா, ரெண்டு நிமிசம் சக்கரம் சுத்துச்சு. "தற்சமயம் உங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை"ன்னு வந்துருச்சு. உசுரே போச்சுங்க. அடுத்த மாசம் பாத்தா ஸ்கோர் எட்டு கொறஞ்சிருக்குது. ரெஜினா மேடம் திட்டினாங்க. "ஒவ்வொரு எடத்துல கேக்கறதும் அதுல பதியும்னு சொன்னேனில்ல? யாருக்கு இவ்வளவு அவசரம்?"னாங்க. "எனக்குத்தான், பிரிட்ஜ் வாங்கோணும்"னேன். அவுங்க என்னையே பாத்தாங்க. "சாரதா, கார்ட யார் கையிலயும் குடுத்துராதே. உம்பேர்ல இருக்கற கார்டு உன் நாக்கு மாதிரி. அடுத்தவங்க வாயில வெக்க முடியாது"ன்னாங்க. நல்லவங்கதான். கூடப்பொறந்தவங்க யாரும் இல்ல அவுங்களுக்கு, என்னத்தக் கண்டாங்க.

மூணு மாசம் எங்கயும் எதுவும் கேக்காம சும்மா இருக்கோணும், அப்பறம் டெபாசிட் போட்ட பேங்குலயே கேளுன்னாங்க. அப்படியே இருந்தேன்.

அந்த மூணு மாசத்துலதான் தாரணி போன் பண்ணினா. அவளா போன் பண்றது எப்பவாச்சுந்தான். திருப்பூர்ல ஒரு ஆஸ்பத்திரியில நர்சிங் டிப்ளமோ இருக்குதாம். வயசு இருவத்தஞ்சு ஆனாலும் சேத்துக்குவாங்களாம். மார்க்கப் பாத்து எடம் குடுத்துட்டாங்களாம். "லோனுக்கு நீ கையெழுத்துப் போட்டாப் போதும்மா. இப்பத்தான் உனக்கு ஸ்கோர் இருக்குதே"ன்னா. அவ கொரல்ல ஒரு இது இருந்துச்சுங்க, ப்ளஸ் டூ ரிசல்ட் அன்னிக்கு இருந்த மாதிரி.

நான் என்ன பண்ணட்டும்? இப்ப லோனுக்குக் கையெழுத்துப் போட்டா அது பதியும். ஸ்கோர் எறங்கும். கார்டு வராது. "மூணு மாசம் பொறு சாமி. அம்மா ஒரு காரியமா ஸ்கோரத் தொடாம வெச்சிருக்கறேன். இப்ப எதுவும் கேக்கக்கூடாது"ன்னேன்.

"இந்த மாசக் கடைசியோட சேர்க்கை முடியுதும்மா."

"அடுத்த வருசம் சேந்துக்கலாம். படிப்பு எங்க ஓடிப்போகுது?"

கட்டாயிருச்சோன்னு "அலோ, அலோ"ன்னேன். "இருக்கறம்மா"ன்னா. அப்பறம், "சரிம்மா"ன்னா. அவ்வளவுதான். தங்கமான புள்ளைங்க, எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டா. அதுக்கப்புறம் அவ போன் வரல. நான் பண்ணினாலும் எடுக்கறதில்ல. ஆர்டர் நேரம், வேலை அதிகமா இருக்கும்.

கார்டு வந்துருச்சு பாருங்க! அந்தப் பேங்குல கேட்டேன், சரின்னுட்டாங்க. வீடியோவுல ஆளப் பாக்கோணும்னாங்க. கம்பெனிக்கு லீவு போட்டுட்டு, தீபாவளிக்கு எடுத்த புடவையக் கட்டிட்டு, செவுத்துக்கு முன்னால உக்காந்தேன். போன்ல ஒரு அம்மிணி வந்துது, உங்க வயசுதான் இருக்கும். பான் கார்டக் காட்டச் சொல்லுச்சு. வெள்ளைத் தாள்ல கையெழுத்துப் போட்டுக் காட்டச் சொல்லுச்சு. மொதல் தடவ சரியா வரலீங்க, ரெண்டு தடவ போட்டேன். "பக்கத்துல யாராவது இருக்காங்களா? யாராவது சொல்லி வாங்கறீங்களா?"ன்னு கேட்டுது. கிருபா கட்டில்ல உக்காந்திருந்தான். "யாருமில்லீங்க"ன்னேன். "உங்க சொந்த உபயோகத்துக்குத்தானே?"ன்னுது. "ஆமாங்க"ன்னேன். பொய்யில்லீங்களே. தம்பி என்ன அசலாளா?

அது ஒண்ணேகால் லட்சம். அப்பறம் நாலு மாசம் பொறுத்து இன்னொண்ணு கேட்டேன், எம்பதாயிரம். அது போன வாரம் கூரியர்ல வந்துது. ஸ்கோர் திரும்ப எழுநூத்தி அறுபத்தெட்டுக்கு ஏறி நிக்குது. ரெண்டையும் அவன் கையில குடுத்துட்டு, பின் நம்பரச் சொல்லிட்டு, சாயந்தர பஸ்ஸுக்கு வந்துருவேன். தேய்க்கறப்ப வர்ற ஓ.டி.பி. நம்பர் எம்பட போனுக்குத்தான் வரும். வந்தா நான் கூப்புட்டுச் சொல்லிருவேன். வேலை நேரத்துல போன் வெச்சுக்க சூப்பர்வைசர்கிட்டக் கேட்டு வாங்கியிருக்கறேன்.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க?

புள்ளைக்கு ஏன் கையெழுத்துப் போடலைன்னா? நல்லாக் கேட்டீங்க. அவளுக்கு இருவத்தஞ்சாச்சுங்க. இனிமேப் படிச்சு, என்னிக்கு வேலைக்குப் போயி? ஒரு மாப்பிள்ளையப் பாத்துக் கட்டிக்குடுத்தா முடிஞ்சுது. கிருபாவுக்கு இனியும் வாழ்க்கை இருக்குதில்ல.

அவன் கெட்டதெல்லாம் அவம் பொண்டாட்டியாலதானுங்க. சுகுணா. வந்த நாள்ல இருந்தே அவனுக்கு ஒரு ஊக்கம் குடுத்ததில்ல. டைலர் கடையில வேலை, சம்பளத்த அவன் கண்ணுலயே காட்டமாட்டா. புருசன் கடை வெக்கறேன்னா வாய மூடிட்டு நிப்பா. அந்த நாள்லயே அவ மனசு வெச்சு ஒரு நகையக் கழட்டிக் குடுத்திருந்தா எங்கூட்டுக்காரர் ஏன் போறாங்க, தாரணி ஏன் திருப்பூர் போறா? எல்லாம் அவளாலதான். அதை எங்க வேணா சொல்லுவேன்.

சித்த இருங்க, போன் அடிக்குது. பாருங்க, நெனச்ச மாத்திரத்துல. அவதான்.

அலோ. பஸ்ல இருக்கறேன், காங்கேயம் தாண்டியாச்சு. என்ன? சத்தமாப் பேசு, கேக்கல. யாரு சொன்னா? அவனே சொன்னானா? சரி, கொண்டு வரேன், அதுக்கென்ன இப்ப? என்னது? கடை இல்லியா? அட்வான்ஸ் குடுக்கப் போறான், நீ என்னத்தக் கண்டே. ஆம்பள போன்ல சீட்டு ஆடினா ஆடறான், பொழுது போவோணுமில்ல? எவ்வளவு விட்டான்? சும்மா சொல்லாதே. அழுவாதே மொதல்ல. நீ அழுது அழுதுதான் அவன் இப்படி ஆனான். தாரணியப் பத்தி நீ பேசாதே. எம்புள்ளயப் பத்திப் பேச நீ யாரு? உங்கிட்டப் பேசினாளா? அவ எதுக்கு உங்கிட்டப் பேசறா? வெய் போன. வெய்யின்னா வெய்யி.

பாத்தீங்களா அம்மிணி. இதான் அவ. நான் வர்றேன்னதும் எப்படி எரியுது பாருங்க. "அண்ணி, உங்க கால்ல விழுகறேன், கார்ட அவர்கிட்டக் குடுத்துராதீங்க, அப்படியே அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிப் போயிருங்க"ங்கறா. கடையே கெடையாதாம். ராவும் பகலும் போன்ல காசு வெச்சு சீட்டாடறானாம், ஊட்டு வாடகைய வெச்சு விட்டுட்டானாம். தாரணி அவளுக்குப் போன் பண்ணி அழுதாளாம். எங்கிட்ட அழுகாத புள்ள அவகிட்டப் போயி அழுவாளா? புருசன் ஒரு நல்ல நெலைக்கு வரப்போறான்னா எந்தப் பொண்டாட்டியாவது இப்படித் தடுப்பாளா, நீங்களே சொல்லுங்க.

சொல்லுங்க. எதுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கறீங்க?

நானும் திரும்பிப் போயிட்டா என்ன பண்ணுவேன்? அந்த ஊட்டுல ஆரு இருக்கறா?

கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க. போதுங்க, போதும்.

வெள்ளகோவில் வந்துருச்சுங்க. கண்டக்டர் சார், எறங்கோணும், சித்த நிறுத்துங்க. அம்மிணி, அங்க பாருங்க, டீக்கடைக்கு முன்னால, நீலச் சட்டை. அதான் கிருபா. பைக்கோட வந்து நிக்கிறான். ஒவ்வொரு சீட்டாப் பாக்கறான், எந்த சன்னல்ல இருக்கறேன்னு. நான் எத்தனை தடவ வந்திருக்கறேன் இந்த ஊருக்கு. ஒரு நாள் கூட எதுக்க வந்ததில்லீங்க அவன். வெயில்ல நடந்தேதான் போவேன், ரெண்டு மைலு. இன்னிக்கு பஸ்ஸுக்கு முன்னயே வந்து நிக்கிறான்.

கிருபா! இங்கடா சாமி, இங்க! வந்துட்டேன், இரு.